க-வுக்கும் ங-வுக்கும் நடுவில்

கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். திரையில் ஒரு வரியை வரவைக்க வேண்டும். அது என்ன வரி என்பதையும் நமக்காக எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்: ‘ஹலோ, வேர்ல்ட்’. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பிரையன் கெர்னிகன், 1970-களின் தொடக்கத்தில் ‘பி’ என்ற நிரல்மொழிக்குப் பாடக்குறிப்பு எழுதியபோது இந்த இரண்டு சொற்களை எடுத்துக்காட்டாக வைத்தார். 1978-இல் அவரும் டெனிஸ் ரிச்சியும் சேர்ந்து எழுதிய ‘சி’ மொழிப் புத்தகம் அதை உலகத்துக்கே பாடமாக்கிவிட்டது. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் கோழிக்குஞ்சு உலகத்துக்கு வணக்கம் சொல்வதாக ஒரு கேலிச்சித்திரம் பார்த்த ஞாபகம், அதுதான் காரணமாக இருக்கும் என்று கெர்னிகன் பின்னாளில் சொன்னார்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. பி மொழியில் ஒரே இடத்தில் நான்கு எழுத்துக்கு மேல் வைக்க முடியாது. கெர்னிகன் தன் வாழ்த்தை நான்கு நான்காக மூன்று துண்டாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே அனுப்பினார். காற்புள்ளியும் இடைவெளியும்கூடக் கணக்கில் சேர்ந்தன. முதல் துண்டைத் தனியாகப் படித்தால் ஆங்கிலத்தில் நரகம் என்று வரும். ஆங்கிலத்துக்கே அன்று அந்தப் பாடு. இன்றைய பிள்ளைக்கு அது தெரியாது. தட்டினால் வருகிறது, அவ்வளவுதான்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. பீடோங் பக்கம் ஒரு தாமானில், சனிக்கிழமை காலை வகுப்பில், சில பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். எல்லாருக்கும் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பிள்ளைகள் பால்மரத்தைப் பள்ளிப் புத்தகத்தில்தான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்; தோட்டம் செம்பனையாகிப் பல காலம் ஆகிவிட்டது. 2017-இல் அடிப்படைக் கணினி அறிவியல் இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்ந்ததால், படிவம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நிரல் என்பது புதிய சொல் இல்லை. ஹலோ வேர்ல்டைப் பாதிப் பேர் ஏற்கெனவே எழுதிப் பார்த்தவர்கள். வரி வந்ததும் ஒரு சிரிப்பு, அப்புறம் “அடுத்தது என்ன சார்?” என்று கேட்பார்கள். அந்த வரி எப்படி வந்தது என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாது. தடையில்லாமல் நடக்கிற காரியத்தைப் பற்றி யாருக்குக் கேள்வி வரும்?

அதனால் அடுத்த வரியாக ‘வணக்கம்’ என்று தட்டச் சொல்வேன். பழைய விண்டோஸ் மடிக்கணினி, கட்டளை தட்டும் அந்தக் கறுப்புச் சன்னல். அங்கேதான் வகுப்பு தொடங்கும்.

“சார், கட்டம் கட்டமா வருது.”

“அதுக்குத் தமிழ் தெரியாது சார்.” இதைச் சொன்னது பின்வரிசையில் இருந்த பையன். அவன் அதைச் சொன்ன தோரணைதான் என்னை யோசிக்க வைத்தது. வருத்தம் இல்லை, வியப்பும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல ஒரு தீர்ப்பு. உடனே விரல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

அதுக்கு இங்கிலீஷும் தெரியாது என்றேன். நம்பவில்லை. சரி, அந்தக் கறுப்புச் சன்னலை மூடிவிட்டு, பைத்தானோடு கூடவே வரும் ஐடில் சன்னலைத் திறந்தோம். அதே நிரல், அதே கணினி, ‘வணக்கம்’ ஒழுங்காக வந்தது. முதல் சன்னலை எழுதியவர்கள் இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையைச் செய்யவில்லை. இரண்டாவது சன்னல், அந்த வேலையை யாரோ முன்பே முடித்து வைத்திருந்த இடத்திலிருந்து அதை வாங்கிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை ஜாவி எழுத்தில் தட்டிப் பார்த்தால் அவளுக்கும் முதல் சன்னலில் இதே கதைதான்.

கணினிக்குத் தெரிந்தது எண். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; உலகம் முழுவதற்கும் பொதுவான அந்தப் பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். ‘வணக்கம்’ என்ற சொல்லை எண்ணாக மாற்றிக் காட்டச் சொன்னால் இப்படி வரும்: 2997, 2979, 2965, 3021, 2965, 2990, 3021. பிள்ளைகள் பார்த்தார்கள். எத்தனை எழுத்து என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி ஐந்து என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள், க் ஓர் எழுத்து, க ஓர் எழுத்து என்று நன்றாகவே தெரியும். கணினியைக் கேட்டால் ஏழு என்கிறது. வாத்தியாருக்கும் இயந்திரத்துக்கும் தகராறு! ஒரு பெண்பிள்ளைதான் கண்டுபிடித்தாள்: 3021 இரண்டு முறை வருகிறது, அதுதான் புள்ளி. க-வுக்கு ஓர் எண், அதன் தலையில் வைக்கிற புள்ளிக்கு ஓர் எண். நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் ‘க்’ அங்கே இரண்டு ஆள்.

சொந்த மாநிலத்தின் பெயரையே போட்டுப் பார்த்தோம். ‘கெடா’. நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு. கையால் எழுதும்போது முதலில் கொம்பு போட்டுவிட்டுத்தான் க எழுதுவோம். கணினி அப்படி வைத்துக்கொள்வதில்லை. முதலில் க, அதற்குப் பின்னால் கொம்பு. வாயில் ஒலிக்கிற வரிசை அது. திரைக்கு வரும் நேரத்தில் ஒரு மென்பொருள் அந்தக் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறது. ‘கொ’ என்றால் கொம்பை இந்தப் பக்கமும் காலை அந்தப் பக்கமும் பிரித்து வைக்கிறது. நொடிக்குள் நடக்கிற இந்தப் பிடித்து வைக்கிற வேலைக்கு ஒரு விதி வேண்டும், அந்த விதியை யாராவது எழுதியிருக்க வேண்டும், எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அப்படி எவரும் எழுதாத இடத்தில் கொம்பு க-வுக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். பழைய கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி அப்படிச் சிதைந்து கிடந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்த்திருந்தேன், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எதிர்பார்க்கவில்லை. க-வின் எண் 2965. அப்படியானால் அடுத்தடுத்த எண்களைப் போட்டால் ங, ச, ஞ என்று வரிசையாக வருமா என்று ஒரு பையன் கேட்டான். போட்டுப் பார் என்றேன். 2965-இல் க. 2966-இல் கட்டம். 2967-இல் கட்டம். 2968-இல் கட்டம். 2969-இல் ங. 2970-இல் ச.

“நடுவுல யாரு சார்?”

யாரும் இல்லை. அந்த மூன்று இடமும் காலி. ஐடிலில் வந்தாலும் கட்டம், உலகத்தின் எந்தக் கணினியில் போட்டாலும் கட்டம்தான். காரணம் இருக்கிறது. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கான அட்டவணைகளை இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டி அமைத்தார்கள். எல்லா இந்திய மொழிகளும் ஒரே சட்டத்தில் அடங்க வேண்டும் என்பது அதன் கணக்கு, தேவநாகரிதான் அளவுகோல். இந்தியில் க-வுக்குப் பின் இன்னும் மூன்று க-க்கள் உண்டு, வல்லொலியும் மெல்லொலியுமாக. தமிழில் அவை கிடையாது. ஆனால் நாற்காலி போட்டாகிவிட்டது. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவிலும் இப்படிக் காலி இடங்கள் உண்டு, த-வுக்கும் ந-வுக்கும் நடுவிலும் உண்டு. ன என்ற எழுத்து, நாம் நெடுங்கணக்கில் கடைசியில் சொல்லும் அதே ன, அந்த அட்டவணையில் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண் வரிசைப்படி பெயர்களை அடுக்கச் சொன்னால் தமிழ் அகரவரிசை வராது.

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், தோட்டத்து எழுத்தரான கிராணி குறிப்பார், குறி விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆள் நிரையில் நின்று மரம் வெட்டினானா என்பதைவிட ஏட்டில் இருக்கிறானா என்பது பெரிய கேள்வி. பெயரையும் கிராணிதான் எழுதுவார், காதில் விழுந்தபடி. லட்சுமி லெட்சுமியாகவும் லெட்சிமியாகவும் ஆனது அப்படித்தான். முனியாண்டி மோனியாண்டி ஆனார். ஒரே வீட்டில் அண்ணன் ஐசியில் (அடையாள அட்டையில்) அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பி ஐசியில் வேறு மாதிரி இருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. அதைத் திருத்த வேண்டும் என்று பலருக்குத் தோன்றியதே இல்லை. பெயர் என்றால் அப்படித்தான் இருக்கும், கார்டில் வந்துவிட்டது, அவ்வளவுதான். யூனிகோடு அட்டவணையும் ஒரு செக்ரோல். எண் இல்லாத எழுத்துக்குத் திரையில் வேலை இல்லை. அந்த ஏட்டை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ‘இது இப்படி இல்லை ஐயா’ என்று சொல்ல அந்த நேரத்தில் நம் ஆட்கள் போதுமான அளவுக்கு இல்லை, அதுதான் சங்கதி.

கல்லில் எழுதியவனுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி, முடா ஆற்றுக்குத் தெற்கே, 1800 வரை கெடாவின் நிலமாக இருந்த செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனின் கல்வெட்டு. சுமார் 5-ஆம் நூற்றாண்டு, சமஸ்கிருத மொழி, தென்னிந்தியப் பல்லவர் எழுத்தின் சாயல். இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உளியைப் பிடித்தவன் தான் விரும்பிய வடிவத்தைத் தானே வெட்டினான். நடுவில் அட்டவணை இல்லை, எழுத்துரு இல்லை, அனுமதி கேட்க ஆள் இல்லை. பழங்காலக் கடாரமான இந்தக் கெடா மண்ணில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளை எழுத்தைத் தானே எழுதுவதில்லை. எண்ணை அனுப்புகிறான், வடிவத்தை வேறொருவர் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.

செய்து வைத்தவர்கள் இருந்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிய ஆர். முத்தையா, 1930-களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். புள்ளிக்கும் விசிறிக்கும் அவர் கண்ட வழி, தட்டினாலும் வண்டியை நகர்த்தாத விசைகள்; அடையாளம் விழும், தாள் அங்கேயே நிற்கும், அடுத்த விசையில் எழுத்து அதோடு சேரும். பிள்ளைகள் கண்டுபிடித்த அந்த 3021 முன்னாளில் ஓர் இரும்புக் கம்பியாக இருந்தது. கணினி வந்த பிறகு, மலேசியாவில் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அன்றைய டாஸ் திரையில் வரிக்கு 80 கட்டம், 25 வரி; ஆங்கில எழுத்தின் அகலத்துக்கு அளந்த அந்தக் கட்டங்களில் ணை, ஔ போன்ற எழுத்துகள் அடங்குமா? அடக்கிக் காட்ட வேண்டியிருந்தது. இன்று ஆப்பிள் கணினி வாங்கினால் கூடவே வரும் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் அவர் கைவேலை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி, 1997-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1999-இல் சென்னை மாநாடு, 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் என்ற அமைப்பு, 2001-இல் கோலாலம்பூர் மாநாடு. யாருடைய குறியீடு சரி என்று சண்டையும் பஞ்சமில்லாமல் நடந்தது. தமிழுக்கு 247 எழுத்தும் தனித்தனி எண்ணாக வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அந்த முறையையும் ஏற்றுக்கொண்டது. அந்த முறை உலகத் தரமாகியிருந்தால் என் வகுப்பில் கணினியும் ஐந்து என்றே சொல்லியிருக்கும். ஆகவில்லை. யூனிகோடில் ஓர் எழுத்துக்கு ஒருமுறை கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றுவதில்லை என்பது கட்டுப்பாடான விதி. அட்டவணை போட்ட நாளில் அறையில் இருந்தவர்களின் கணக்கே இன்றுவரை நிற்கிறது.

பின்வரிசைப் பையனின் தீர்ப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது அவன் மட்டும் சொன்ன தீர்ப்பு இல்லை. துரை, கிராணி, மண்டோர், கடைசியில் மரம் வெட்டுகிறவன் என்ற வரிசையைக் கடவுளே வைத்தார் என்று நம்பிய காலம் இதே மண்ணில் இருந்தது. போருக்குப் பிறகு, 1946-47-இல், இதே பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடையையும் குறைந்த கூலியையும் எதிர்த்து நின்றபோதுதான், அந்த வரிசை மனிதன் போட்டது என்று பலருக்கு விளங்கியது. மனிதன் போட்டது என்று விளங்கிய பிறகு பயம் பாதி போய்விடுகிறது. கணினியிலும் அதே விளக்கம்தான் வேண்டியிருக்கிறது. திரையில் தானாக வந்தது எதுவுமே இல்லை. தெரிகிற ஒவ்வொன்றையும் ஓர் ஆள் உட்கார்ந்து வைத்தார். கட்டமாகக் கிடக்கிற இடத்தில் வைக்க ஆள் வரவில்லை. இந்த உண்மை ஆங்கிலத்தில் தட்டுகிற பிள்ளைக்கு எளிதில் அகப்படாது, ஏனென்றால் அவனுக்காக எல்லாம் முன்பே வைத்தாகிவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் மூன்று துண்டாக வெட்டிய கத்தியின் தடம்கூட இன்று இல்லை. தமிழில் தட்டுகிற பிள்ளை முதல் நாளே கட்டத்தில் முட்டிக்கொள்கிறாள். முட்டிக்கொண்ட இடத்தில்தான் கதவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அவள் நிரல் எழுதுகிறவள் ஆகிவிடுவாள். சொல்ல ஆள் இல்லாவிட்டால், தன் மொழிக்கு இது ஆகாது என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரே கட்டம், இரண்டு பிழைப்பு.

பெற்றோர் கேட்பது வேறு கேள்வி: இதைப் படித்தால் கூலிமில் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்விதான். 1996-இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பாடாங் செராயிலிருந்தும் லூனாசிலிருந்தும் விடியும் முன்பே பேக்டரி பஸ் போகிறது. பால்வாளி தூக்கிய குடும்பத்துப் பெண்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சில்லு செய்யும் அறைக்குள் நிற்கிறார்கள். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதை நம் கைகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சில்லு எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் மேசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கைக்கும் மடிக்கணினி வந்தது; அதோடு கணினி என்றால் ஆங்கிலம் என்ற எண்ணமும் வந்து உட்கார்ந்துகொண்டது. கொள்கை பின்னால் மாறிவிட்டது, எண்ணம் மாறவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பிழைப்புக்கு அது வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் நிரல் படித்த பிள்ளை, இயந்திரத்தை இருக்கிறபடி ஓட்டப் பழகுகிறது. அதை மாற்றலாம் என்று அதற்குத் தோன்ற ஒரு தடை வேண்டும். அந்தத் தடையைத் தமிழ் இலவசமாகத் தருகிறது.

அந்தத் தடையைத் தாண்ட வழி செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம்; ‘பெயர்’ என்று ஒரு மாறியை வைத்து அதில் தன் பெயரைப் போட்டுப் பார்த்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘பதிப்பி’ என்று கட்டளை கொடுத்தால் வரி திரைக்கு வருகிறது. அவர் முன்னின்று நடத்தும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டால் கணினியும் வாத்தியாரைப் போல ஐந்து எழுத்து என்று எண்ணும்; யூனிகோடு வைத்த ஏழு என்ற கணக்கை யாரும் அழிக்கவில்லை, அதன்மேல் உட்கார்ந்து வேறு கணக்குப் போட ஒருவர் நிரல் எழுதினார். எனக்கு இந்த வகை வேலைமேல்தான் மரியாதை. அட்டவணையைக் குறைசொல்லி மாநாட்டில் பேசுவது எளிது. நானும் அப்படிப் பேச்சுகளைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். பேச்சு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோதும் அந்தக் கொம்பு க-வுக்குப் பின்னால்தான் நின்றது.

கெடாவில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வரியைத் தமிழில் தட்டச் சொல்லுங்கள். கட்டம் வந்தால் அவசரப்பட்டு ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள், நீங்களே சரிசெய்தும் கொடுக்காதீர்கள். எண்ணைக் காட்டுங்கள், எழுத்தை எண்ணச் சொல்லுங்கள், 2966-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் யார் என்று பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.